ஃப்ளோரா வளர்த்த ஈக்கள்

எங்கள் பிளாக்கில் பதினாறு வீடுகள். எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று படியேறும்போதே சொல்லிவிடுவேன். எனக்கு அப்படி ஒரு மூக்கு. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன், கண்ணும் குறைச்சலில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பெயர் நோயல். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த மூக்கும் கண்ணும் சேர்ந்து என்னை எப்படிக் கவிழ்த்தன என்று சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

கதை ஃப்ளோராவுடையது. மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்குப் போகும் படியை ஒட்டினாற்போல் இருக்கிறது அவள் வீடு. ஐம்பத்திரண்டு வயது. கருவாடு போடுகிறவள். விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அங்கேயே குடல் நீக்கிக் கழுவி, இரண்டு டப்பில் ஷேர் ஆட்டோவில் கொண்டுவருவாள். ஒரு நாள் முழுக்க நீல டிரம்மில் உப்பில் கிடக்கும். மறுநாள் மொட்டைமாடியில் பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்புவாள். நெத்திலிக்கு இரண்டு வெயில், வாளைக்கு நான்கு. தலையில் ஒரு துண்டு, புடவைக்கு மேல் கணவன் நெல்சனின் பழைய சட்டை. நெல்சன் விசைப்படகில் போகிறவன். பத்து நாள் கடலில், மூன்று நாள் வீட்டில். வீட்டில் இருக்கிற மூன்று நாளும் தூங்குவான்.

அவள் சின்ன வயதில் கடற்கரை மணலிலேயே காயவைத்தார்களாம். இப்போது எங்கள் பக்கம் கரை முழுக்கக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் லாரி ரோடு, அந்தப் பக்கம் அலை. மொட்டைமாடி போனால் ஃப்ளோராவுக்குத் தொழில் போச்சு. இது எனக்கும் தெரியும், பதினாறு வீட்டுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த மாடியைப் பிடுங்கப் பார்த்தோம்.

காரணம் ஈ.

இந்த வருஷம் ஈ சாதாரணமாக வரவில்லை. மே மாதத்தில் ஆரம்பித்தது. மாம்பழத்தை அறுத்துத் தட்டில் வைத்து, கத்தியைக் கழுவிவிட்டுத் திரும்பினால் தட்டு கறுத்திருக்கும். டம்ளர் விளிம்பில் ஈ, தூங்குகிறவன் உதட்டில் ஈ, ஜெபமாலை உருட்டும் கையில் ஈ. தரைத்தளத்தில் இருக்கிற எங்களுக்குத்தான் தொல்லை ஜாஸ்தி. என் பக்கத்து வீடு சாபிராவுடையது. அவள் சமையலறையில் ஈ ஒட்டுகிற அட்டையைத் தொங்கவிட்டாள். இரண்டே நாளில் அதில் ஒட்ட இடமில்லை.

ஜூன் கடைசியில் சாபிராவின் மகள் அனம் படுத்துவிட்டாள். நான்கு வயதுக் குழந்தை. காலையில் வாந்தி, மதியத்துக்குள் பேதி, சாயங்காலம் கண் உள்ளே போய்விட்டது. சாபிராவின் புருஷன் தாவூது வேலைக்குப் போயிருந்தான். நான்தான் ஆட்டோ பிடித்துக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். துணி மாதிரி தொங்கிற்று குழந்தை. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினார்கள். அதற்கு அழக்கூட அவளிடம் தெம்பில்லை. வீட்டில் ஈ அதிகமா என்று டாக்டரம்மா கேட்டார். சாபிரா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "மாடில ஒரு பொம்பள கருவாடு போட்றாங்க டாக்டர். அத்தினி ஈயும் அங்கேர்ந்துதான்."

நாலாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் நான் ஆஸ்பத்திரியில் சொன்ன சொல் எனக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. சாபிரா படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக் கத்தினாள்: "எம்புள்ள உசுரு போயிருந்தா உன் கருவாடு திருப்பிக் குடுக்குமா அக்கா?" அனம் முதன்முதலில் மீன் தின்றதே ஃப்ளோரா முள் எடுத்து ஊட்டித்தான். அன்றைக்குப் பிறகு குழந்தையை மாடிப் பக்கம் விடவில்லை சாபிரா. ஃப்ளோரா ஒரு டப்பாவில் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அது அப்படியே வைத்த இடத்தில் இருந்தது. சாயங்காலம் அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிறு கூட்டம் போட்டேன். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். தலைவர் சுகிர்தம் டீச்சர். மாநகராட்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். தீர்மானத்தை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். மொட்டைமாடியில் இனி கருவாடு காயவைக்கக் கூடாது.

ஃப்ளோரா எழுந்து நின்றாள். "மீன்புடி தடைக்காலம் அறுவது நாளு மாடி காலியா கெடந்துது. ஒரு மீனு இல்ல. அப்ப ஈ கொறைஞ்சிதா? மே மாசம் மாம்பழத்த மூட முடியாம நீயே பேஜாராயி கத்துனியே, நோயலண்ணே?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்குப் பதில் இல்லாத கேள்வியைக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "அது அதுக்கு முன்னாடி வந்த ஈ. இங்கியே தங்கிடுச்சி" என்றேன்.

"ஈக்கு இன்னா உன்ன மாரி பென்ஷனா வருது, அறுவது வயசு வரிக்கும் குந்திக்கினு கெடக்க? ஒரு மாசம் உசுரோட இருந்தா அது கெழட்டு ஈ."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காண்டாகிவிட்டது. "நாத்தம் எங்க கீதோ, ஈ அங்கதான் பொறக்கும். இதுக்கு இன்னா பெரிய ஆராய்ச்சி?" என்று கத்தினேன். நிறைய பேர் தலையாட்டினார்கள். சாபிரா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளோரா அவளைப் பார்த்துத்தான் பேசினாள். "பதினஞ்சு நாளு குடுங்க. இந்த ஈ எங்க பொறக்குதுன்னு கண்ணுல காட்றேன். என் மாடிலதான் பொறந்துதுன்னா நானே வலைய சுருட்டிக்கினு போயிட்றேன். யாரும் சொல்லத் தேவையில்ல."

டீச்சர் சரி என்றார். நானும் பெருந்தன்மையாகச் சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஃப்ளோரா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, கறிவேப்பில தொட்டிக்கு ஒரு கை உரம் குடேன்."

இங்கே என் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டாமா? செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இயற்கை விவசாயத்தில் இறங்கினேன். பின்பக்கச் சுவரோரம் பன்னிரண்டு தொட்டியில் தக்காளி, கத்திரி, பச்சைமிளகாய். தண்டையார்பேட்டையில் ஒரு மாட்டுத்தொழுவத்திலிருந்து என் மொபெட்டில் சாணி கொண்டுவந்து, காய்கறித் தோலும் டீத்தூளும் கிழித்த காலண்டர் தாளும் கலந்து, கோணிப்பையில் கட்டி வைப்பேன். காயக் கூடாது என்று தினமும் தண்ணீர் தெளிப்பேன். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை, பையைக் கிளறி உரம் எடுத்துத் தொட்டிகளுக்குப் போடுவேன். சாணி சுத்தமான பொருள், வாசலிலேயே தெளிக்கிறார்கள். அதற்கு நாற்றம் என்று எவனாவது சொல்வானா?

பையைத் திறந்து ஃப்ளோராவுக்குக் காட்டினேன். ஈரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. "பாத்தியா? புழு இருந்தாதான் மண்ணுக்கு உசுரு. கடையில வாங்குற உரத்துல இதெல்லாம் வராது" என்றேன்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இத்த எத்தினி நாளா செய்ற?"

"ஏப்ரல்லேர்ந்து. பாத்துப் பாத்து செய்றேன்."

"சோக்கா கீது" என்றாள். என் கையாலேயே இரண்டு கை அள்ளி அவள் கிண்ணத்தில் போட்டேன். வழக்கம்போல அறிவுரையும் சொன்னேன்.

மறுநாள் மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலில் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் உப்பேறிய கருவாடு. இரண்டாவதில் உப்புப் போடாத மீன் குடல். மூன்றாவதில் ஏதோ கறுப்பாக, மேலே காய்ந்த மணல் கொஞ்சம். மீன் பாட்டில்களை ஒரு பகல் முழுக்க மாடியில் திறந்து வைத்திருந்தாளாம். இப்போது மூன்றின் வாயிலும் மெல்லிய துணி, அதன்மேல் ரப்பர் பேண்டு.

"இன்னா ஃப்ளோரா, ஊறுகா போட்றியா?" என்றேன்.

"ஈ வளக்கிறேன்" என்றாள், சிரிக்காமல். அப்புறம் தானாகவே படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். கல்யாணமான புதிதில், முதன்முதலாகத் தனியாகப் போட்ட கருவாடாம். ஐப்பசி மழை. உப்பை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கொஞ்சமாகப் போட்டாள். இரண்டு கூடை காரப்பொடி மீன், மூன்றாம் நாள் எல்லாம் புழு. மாமியார் வாயில் விழுந்து எழுந்து, கூடையைக் கடலில் கொட்டினாள். ஆனால் ஒரு கை மீனை மட்டும் பாட்டிலில் போட்டுத் துணி கட்டி ஒளித்து வைத்துக்கொண்டாள். "என் பொழப்ப கெடுத்தவன் யாருன்னு மூஞ்ச பாக்கணும்னு தோணிச்சிண்ணே. பத்து நாளு பக்கத்துலயே குந்திக்கினு பாத்தேன்."

இருபத்தைந்து வயதுப் பெண் ஒரு பாட்டில் புழுவின் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்த வயதில் யாரையாவது திட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

"ஒரு ஈ ஒரு தபாவுக்கு நூறு முட்ட வெக்கும்" என்றாள். "அரிசி நொய்யி மாரி, வெள்ளையா, குவிச்சி வெக்கும். ஈரமா, இளஞ்சூடா இருக்கிற எடமாப் பாத்துதான் வெக்கும். புள்ள காஞ்சி செத்துரும்ல? மறுநாளே புழு. நாலஞ்சு நாளு துன்னும், துன்னும், அதுக்கு வேற வேலையே இல்ல. அப்பால ஒரு நாளு துன்றத நிறுத்திட்டு நடக்கும்."

"எங்க நடக்கும்?"

"ஈரத்த வுட்டு காஞ்ச எடத்துக்கு. மண்ணு, மணலு, கல்லு இடுக்கு. அங்க போயி அசையாம படுத்துக்கும். தோலு செவந்து, சம்பா அரிசி மாரி ஆயிடும். நாலு நாளு. உள்ள ரெக்க மொளச்சி, மூடிய ஒடச்சிக்கினு வெளிய வரும். வந்த உடனே பறக்க வராது, ரெக்க கசங்கினு இருக்கும், நடக்கும். கொஞ்ச நேரத்துல பறந்துடும். அம்பூட்டுத்தான். சின்ன ஈ வளந்து பெரிய ஈ ஆவறதுல்லாம் கெடையாது. வாரம் ஒரு தபா குப்பைய வாரிட்டா ஈ போயிடும்னு நெனைக்கிறோம். வாரறதுக்குள்ள அது எறங்கி நடந்து போயிருக்கும். நம்ம வார்றது காலி வூடு."

நான் "ஓஹோ" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சம்பா அரிசி என்ற சொல் மட்டும் கூடவே இறங்கி வந்தது.

அதன் பிறகு தண்ணீர் டேங்க் பார்க்க, விளக்கு பார்க்க என்று ஏதாவது சாக்குச் சொல்லி தினமும் மூன்று மாடி ஏறினேன். கருவாட்டுப் பாட்டிலில் ஒன்றுமே நடக்கவில்லை. குடல் பாட்டிலிலும் மூன்றாவது பாட்டிலிலும் புழு கொழுத்தது. கூட்டம் முடிந்த எட்டாம் நாள் அவள் சொன்ன மாதிரியே மூன்றாவது பாட்டிலில் புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறி, காய்ந்த மணலுக்குள் நுழைந்தன. மறுநாள் கண்ணாடியை ஒட்டிச் செக்கச்செவேலென்று மணி மணியாகக் கிடந்தன.

இவற்றை நான் பார்த்திருக்கிறேன். என் தொட்டிகளுக்கு அடியில், சுவரோரம் இருக்கிற மணலில். கீரை விதை சிந்தியிருக்கிறது என்று நினைத்து, முளைக்கட்டும் என்று தண்ணீரும் விட்டிருக்கிறேன்.

வேகமாக இறங்கினேன். பின்பக்கம் போய் ஒரு தொட்டியை நகர்த்தினேன். கையால் மணலைத் தள்ளினேன். நூறா, ஆயிரமா? முப்பத்து நான்கு வருஷம் எண்ணிப் பழகியவனுக்கு எண்ணத் தைரியம் வரவில்லை. பாதி, மூடி உடைந்த வெறும் கூடு. மீதி, இனிமேல்தான். தலையைத் தூக்கினால் மூன்றடி தள்ளி சாபிராவின் சமையலறை ஜன்னல்.

அப்போதே மேலே போய் ஃப்ளோராவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. சனிக்கிழமை காலை குப்பை வண்டி வந்ததும் கோணிப்பையைத் தூக்கி வண்டியில் போட்டேன். மணலை வாரிப் போட்டேன். சுவரோரம் ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன். "இன்னா அங்கிள், ஒரே கிளீனிங்கா கீது?" என்று ஜன்னல் வழியாக சாபிரா கேட்டாள். "சும்மாதாம்மா" என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வாங்கப் போகவில்லை. பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. உடம்பு சரியில்லை என்று சொன்னேன்.

சாயங்காலம் கூட்டம். ஃப்ளோரா மூன்று பாட்டிலையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தாள். இரண்டில் புழு போய், துணிக்கு அடியில் ஈக்கள் முட்டிக்கொண்டிருந்தன. "சாபிரா, உன் வூட்டு ஒட்டு அட்டைய கொஞ்சம் எடுத்தாயேன்" என்றாள். சாபிரா தயங்கினாள். டீச்சர் தலையசைத்ததும் போய்க் கொண்டுவந்தாள்.

"இது உப்பு ஏறின கருவாடு. பாருங்க, ஒரு புழு இல்ல. ஈ வந்து குந்தும், இல்லன்னு சொல்லல. ஆனா குடும்பம் நடத்தாது" என்றாள் ஃப்ளோரா. இரண்டாவது பாட்டிலைத் தூக்கினாள். "இது உப்பு போடாத கொடலு. இதுல பொறந்தது பச்ச ஈ. பளபளன்னு, பெருசா. மீனுக்கு வர்ற ஈ இதான்." மூன்றாவதைத் தூக்கினாள். "இது சாம்ப ஈ. சின்னது. முதுவுல நாலு கோடு. இப்ப அந்த அட்டைல இன்னா கீதுன்னு பாருங்க."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். மேலிருந்து கீழே வரை பார்த்தார். "அத்தனையும் சாம்பல். பச்சை ஒண்ணே ஒண்ணு" என்றார். அட்டை கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"மூணாவது பாட்டில்ல இருக்கிறது என்ன ஃப்ளோரா?" என்று டீச்சர் கேட்டார்.

"சாணி எருவு."

"எங்க எடுத்தது?"

"இந்த காம்பவுண்டுலதான்."

"யார் வீட்டுது?"

ஃப்ளோரா என்னைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கண்ணாடியின் ஒரு பக்கத்தை அவள் உள்ளங்கை மூடியிருந்தது. அது ஏன் என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் சாணிக்குள் ஒரு காலண்டர் தாள் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில் ஞாயிறு. காலண்டர் தாளை உரத்தில் போடுகிறவன் எங்கள் பிளாக்கில் நான் ஒருவன்தான். எல்லோரிடமும் பீற்றிக்கொண்ட விஷயம் அது.

"அத்த சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றாள். "பதினஞ்சு நாளா என் பேரு இந்த படிக்கட்டுல இன்னா பாடு பட்டுதுன்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தர் பேருக்கு அது வேணாம். மாடி எனக்கு இருந்தா போதும்."

தப்பித்தேன். தொட்டிக்குச் சாணி எரு போடுகிற வீடு பிளாக்கில் இன்னும் மூன்று நான்கு உண்டு. யாரும் கேட்கப்போவதில்லை, பையும் இல்லை, மணலும் இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் அந்த உள்ளங்கையை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்குமென்று அறுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

எழுந்தேன். "அது என் வூட்டு ஈ" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "அந்த எரு என்னுது. ஏப்ரல்லேர்ந்து நான்தான் வளக்கிறேன். நேத்து ஃபினாயில் ஊத்திக் கழுவுனதும் அதான்."

யார் யாரோ பேசினார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. சாபிராவை மட்டும் பார்த்தேன். கையை ஓங்குவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆட்டோல அவள மடில வெச்சிக்கினு நீங்கதான வந்தீங்க அங்கிள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அனமை இறக்கிவிட்டாள். இறக்கிவிட்டதும் குழந்தை நேராக ஃப்ளோராவிடம் ஓடிப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தது. சாபிரா தானும் போய் ஃப்ளோரா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தீர்மானத் தாள் இன்னும் சட்டைப்பையில் இருந்தது. அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தேன். ஃப்ளோரா பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். இரண்டு படி ஏறி நின்றாள்.

"செடிய வுட்டுராதண்ணே. தக்காளி நல்லாதான் வருது. இன்னமே சாணிய ஈரமா கட்டி வெக்காத. கொண்டாந்த அன்னிக்கே மெல்லிசா பரப்பி வெயில்ல போடு. காஞ்ச சாணில ஈ முட்ட வெக்காது."

"கீழ வெயில் எங்கம்மா வருது?" என்றேன்.

"கீழ யாரு போட சொன்னா? மாடிக்கு எட்த்துக்கினு வா. டேங்க் பக்கத்துல, என் மீனுக்கு அந்தாண்ட கோடில போட்டுக்கோ." பாட்டிலை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எவ்ளோ எடம் வேணும் உனக்கு?"